கால் படாத இடம்

இன்றைக்குப் பிடித்துவிடுவேன். விளக்கைப் போடவில்லை. போட்டால் பக்கத்து வீட்டுப் பெள்ளிக்குத் தெரிந்துவிடும், நான் விழித்திருக்கிறேன் என்று தெரிந்தால் இன்றைக்கு வரமாட்டான், அவன் என்ன லேசுப்பட்ட ஆளா, ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன், கூட்டிக் கழித்துப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டான். ராத்திரி என் பெண்டாட்டி ஆவுடை கொடுத்த மாத்திரையை நான் விழுங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து அவள் திரும்பிப் படுத்ததும் தலையணை உறைக்குள் துப்பினேன், அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அதைப் போட்டால் ஜன்னலில் வெயில் விழும்வரை என்னைத் தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது. என் புல்லுக்கு நடப்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. யாருக்கு இது தெரியும், நான் மாத்திரை போட்டுத் தூங்குவது யாருக்குத் தெரியும், ஆவுடைக்குத் தெரியும், அவள் பெள்ளி பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பாள், வேலி ஓரத்தில் நின்று இரண்டு பேரும் பேசாத பேச்சா. திரைச்சீலைக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், குரங்குத் தொப்பி, ஸ்வெட்டர், அதன் மேல் கம்பளி. சித்திரை பிறந்தும் கேத்தியில் விடியற்காலைக் குளிர் விடவில்லை. நெஞ்சுக்குள் கரகரவென்று ஒரு சத்தம் வந்து போகிறது. இருமல் வந்தால் எல்லாம் கெட்டது, வாயைக் கம்பளியில் புதைத்துக்கொள்ள வேண்டும். வெளியே கறுப்பாகக் கிடக்கிறது புல்வெளி, இன்னும் பச்சை வரவில்லை, ஆனாலும் அந்த மூன்று இடமும் எங்கே என்று எனக்கு இருட்டில்கூடத் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, ரோஜாத் தொட்டி ஓரம் ஒன்று, வாசல்படிக்கு நேராக ஒன்று. மூன்றும் மஞ்சள், நடுவில் வெறும் மண். புதன்கிழமை ஊட்டியிலிருந்து தோட்டப் போட்டிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

இது சாதாரணப் புல் இல்லை. கீழே எங்கள் தென்காசிப் பக்கம் விதைத்தால் பங்குனி வெயில் தொட்டவுடன் சுருண்டு போகும். குளிரில் பிறந்து குளிரில் வாழ்கிற சாதி, ரை புல்லும் ஃபெஸ்க்யூவும் கலந்த விதை, மண்ணைக் கொத்திச் சலித்து, புளிப்பு முறியச் சுண்ணாம்பு கலந்து, தட்டிச் சமன் செய்து, மழை ஓய்ந்த பதத்தில் தூவி, குருவி பொறுக்காமல் சாக்கை விரித்து, முளைவிட்டதும் சாக்கை எடுத்து, என்னைக் கேட்டால் பிள்ளை வளர்ப்பது இதைவிடச் சுலபம். ஒட்ட வெட்டினால் வேர் செத்துவிடும், மூன்று விரல்கட்டை உயரம் நிற்கவேண்டும், வெட்டும்போது நுனியை மட்டும்தான் எடுக்கவேண்டும், தண்ணீர் காலையில் விடவேண்டும், சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். இதெல்லாம் பெள்ளிக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "என்ன சார், கார்ப்பெட்டு விரிச்ச மாதிரி வச்சிருக்கீங்க" என்கிறான். ஒருவன் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம். வயிறு எரிகிறது என்று அர்த்தம். அவன் பக்கம் முழுக்கக் கிக்குயு, மாட்டுக்குப் போடுகிற முரட்டுப்புல், அது வேலிக்கு அடியில் கொடி விட்டு விட்டு என் பக்கம் தலை நீட்டுகிறது, நான் வாரம் தவறாமல் வேலியோரம் மண்டியிட்டு அதை வேரோடு இழுக்கிறேன். அது தானாக வருகிறது என்று அவன் சொல்கிறான். தானாக என்று உலகத்தில் எது வருகிறது. முதல் மஞ்சள் மார்கழிக் கடைசியில் வந்தது. உறைபனி என்று நினைத்தேன், உறைபனி விழுந்தால் மொத்தமும் வெளுக்கும், வட்டம் போட்டா வெளுக்கும். புழுவோ என்று சதுரமாக வெட்டிப் பாய் மாதிரி உரித்துப் பார்த்தேன், புழு இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், மண்புழுதான் வந்தது. பூசணம் என்றால் விளிம்பில் புகை போல ஒரு வளையம் தெரியும், அது இல்லை. நாய் மூத்திரம் என்றால் சுற்றிலும் கரும்பச்சையாகத் தழைக்கும், அதுவும் இல்லை. மிச்சம் யார். மனுஷன்தான் மிச்சம். அதுவும் செவ்வாயும் வெள்ளியும்தான் அந்த இடங்களில் மட்டும் மண் கூடுதல் ஈரமாக இருக்கிறது, செவ்வாயும் வெள்ளியும்தான் பெள்ளி விடியலில் எழுந்து மார்க்கெட்டுக்குக் காரட் மூட்டை ஏற்றுகிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

ஆனால் காலடி இல்லை. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. பனித்துளி படிந்த புல்லில் ஒரு பூனை நடந்தாலும் கோடு விழும், இரண்டு வருஷத்துக்கு முன் காட்டெருமை ஒன்று வந்து நின்றதே, அதன் ஒவ்வொரு குளம்பையும் நான் அடையாளம் காட்டினேன். காலடி இல்லாமல் எப்படி வந்தான். வேலியிலிருந்தே பீய்ச்சியடிக்கிறானா. கைப்பம்பு வைத்திருக்கிறான், காரட்டுக்கு மருந்தடிக்கிற பம்பு, அதில் அடித்தால் வேலியோரம்தானே கருகவேண்டும், வேலியோரம் பச்சைப்பசேலென்று இருக்கிறது. மூன்று இடமும் எங்கள் வீட்டுப் பக்கம், கேட்டிலிருந்து வாசலுக்கு வருகிற கல்பாதையை ஒட்டினாற்போல, பாதையில் நின்று கையை நீட்டினால் எட்டுகிற தூரம். அப்படியென்றால் கேட்டைத் திறந்து உள்ளே வந்து கல்பாதையில் நிற்கிறான். கேட்டைத் திறந்தால் கிரீச்சென்று கத்தும், நான் வேண்டுமென்றே எண்ணெய் விடவில்லை, நான் மாத்திரையில் கிடந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஆவுடை எழுந்துவிடுவாள். அவள் எழுந்தாளா. எழுந்ததாக ஒரு நாளும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. பெள்ளி வந்தால் காலடி வேண்டும், காலடி இல்லை என்றால் கல்பாதை, கல்பாதை என்றால் கேட்டு, கேட்டு என்றால் சத்தம், சத்தம் என்றால் ஆவுடை. எங்கே சுற்றினாலும் அங்கே வந்து நிற்கிறது. நிற்கட்டும், அதை இப்போது தொடவேண்டாம், முதலில் பெள்ளி.

மேலே எஸ்டேட் பங்களாவில் இப்படித்தான் ஒரு புல்வெளி இருந்தது. நான் ஹெட் கிளார்க், காலையில் தபால் கட்டை எடுத்துக்கொண்டு போய் சரளைக்கல் பாதையிலேயே நிற்கவேண்டும், மேனேஜர் அந்தப் பக்கம் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார். குறுக்கே நடந்தால் பத்தடி. நான் சுற்றிக்கொண்டு போவேன். அவர் நாய் குறுக்கே ஓடிவந்து என் காலை முகர்ந்துவிட்டுக் குறுக்கே திரும்பிப் போகும். ரிட்டையர் ஆனதும் எனக்கென்று ஒரு புல்வெளி போடுவேன், அதில் எவனும் கால் வைக்கக்கூடாது என்று அந்தச் சரளைக்கல்லில் நின்றுதான் நினைத்தேன். போட்டேன். நானே வெட்டுகிற அன்றைக்கும் விதைக்கிற அன்றைக்கும் மட்டும்தான் இறங்குவேன், அதுவும் பலகை போட்டு. பேரன்கள் வந்தால் ரோட்டில் விளையாடட்டும். குடிவந்த புதிதில் ஆவுடை ஒரு நாள் நல்ல வெயில் என்று வேட்டியை நடுப்புல்லில் விரித்து வடகம் பிழிந்துவிட்டாள். நான் கத்திய கத்தலில் பெள்ளி வீட்டு மாடு கட்டறுத்தது. அவள் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனவள்தான், அதற்கப்புறம் ஒரு விரல்கூட அதில் வைத்ததில்லை. கேட்டுக்குப் போவதென்றால் மழையிலும் கல்பாதைதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டில் ஒரு சட்டம் என்றால் சட்டம்தான். ஆனால் அப்படிப் பேசாமல் போகிறவர்களை நம்பக்கூடாது. எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து வைத்திருப்பார்கள்.

தொடவேண்டாம் என்று நினைத்ததும் மனசு அங்கேதான் போகிறது. போன பனிக்காலத்துக்கு முந்தின பனிக்காலம் என்னை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் போட்டார்கள், மூக்கில் குழாய், டாக்டர் என்னைப் பார்க்காமல் ஆவுடையைப் பார்த்துச் சொன்னார், இந்தக் குளிர் இவருக்கு ஆகாதும்மா, கீழே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று. அன்றைக்கே அவள் முகத்தில் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நான் சொல்லிவிட்டேன், கீழே வந்தால் இந்தப் புல்லும் இருக்காது நானும் இருக்கமாட்டேன் என்று. அவள் சரி என்றாள். சரி என்றால் சரியா. போன மார்கழி பிறந்ததிலிருந்து தங்கையோடு போனில் ரகசியம். குளியலறையிலிருந்து நான் வருவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள், என் காதில் விழுந்தது: "அவுகளுக்குத் தெரியாமத்தான் செய்யுதேன். தெரிஞ்சா விடுவாகளா. கொஞ்சங் கொஞ்சமாத்தான் சரியாகும்ங்கே நீ." என்ன கொஞ்சம் கொஞ்சமாக. வீட்டுக்கு ஆள் பார்க்கிறார்கள், வேறென்ன. போன வாரம் கேட்டு முன்னால் கார் நின்றது, ஒருவன் இறங்கிப் புல்வெளியைப் போட்டோ எடுத்தான், சுற்றுலாக்காரன் என்கிறாள். அப்புறம் அந்தக் கை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் மாத்திரை மயக்கத்தில் பாதி விழிப்பு வந்தபோது என் முகத்துக்கு மேலே ஒரு கை இருந்தது. அசைந்துகொண்டிருந்தது. வளையல் சத்தம் இல்லை, வளையலை மேலே ஏற்றிவிட்டிருந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாளா, வரவில்லை என்றால் என்ன செய்வதாக இருந்தாள், வருகிறது என்று தெரிந்ததும் என்ன நினைத்தாள். கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. நாற்பது வருஷம் கூட இருந்தவளின் கைக்கு நான் பயந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயந்தேன்.

உள்ளே கட்டில் முனகுகிறது. எழுந்துவிட்டாள். மெத்தையில் நான் இல்லை என்று இருட்டில் தெரியாது, கம்பளிக்கு அடியில் தலையணையைச் சுருட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன், நான் என்ன சாதாரணமானவனா. செருப்பில்லாத கால் சமையலறைப் பக்கம் போகிறது. விளக்குப் போடவில்லை, அவளும் விளக்குப் போடவில்லை, ஏன். ஏதோ மூடி திறக்கிற சத்தம். திரும்பி வருகிறாள், படுக்கையறைக்குள் போகிறாள், நிற்கிறாள். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வேகமாக முன்னறைக்கு வந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "என்னத்துக்கு இருட்டுக்குள்ள உக்காந்திருக்கீய? மாத்திரை போடலியா?" என்றாள். குரல் நடுங்கியது. குளிரா, வேறென்னவா. தூக்கம் வரவில்லை என்றேன். இடது கையில் சொம்பு, வலது கை மூடியிருந்தது. மூடின கையை முந்தானைக்குள் கொண்டுபோனதை நான் பார்த்தேன். "கையில என்னளா?" என்றேன். "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லாமயா பொத்திக்கிட்டு நிக்க?" "காப்பிக்கு அடுப்புல பால் வைக்கப் போறேன். பேசாம வந்து படுங்க, பனி அடிக்கி" என்று திரும்பிவிட்டாள். சமையலறையில், கையில் இருந்ததை எதிலோ திரும்பக் கொட்டினாள், சின்னக் கூழாங்கல் விழுவதுபோலச் சரசரவென்று. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன அது, சாவியா, சாவி அப்படி விழாது, மாத்திரையா, அவ்வளவு மாத்திரை எதற்கு. அதற்குள் வெளியே நீலம் பரவிவிட்டது, பெள்ளி வரவில்லை, பனித்துளி மேல் ஒரு கோடு கூட இல்லை.

விடிந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வாசலுக்கு நேரான இடத்துக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு மண்டியிட்டேன், முழங்கால் விண்ணென்றது. செத்த புல்லைச் சுரண்டி எடுத்து, மண்ணைக் கிளறி, விதை போட்டாலும் புதன்கிழமைக்குள் முளைக்காது, முளைக்காவிட்டால் என்ன, வருகிறவர்களுக்காவது நான் விடவில்லை என்று தெரியட்டும். விளிம்பில் புதிதாக ஏதோ களை, இரண்டு இரண்டு இலையாக, இதய வடிவத்தில். வேலிக்கு அந்தப் பக்கம் பெள்ளி சாக்குகளைத் தைத்து முடித்துவிட்டு வந்து நின்றான். "என்ன சார், இவ்வளவு காலையிலேயே" என்றான். நான் நிமிராமல், "வேலிக்கு இந்தப் பக்கம் நீங்க என்ன மருந்து அடிக்கிறீங்க?" என்று கேட்டேன். கேட்டேவிட்டேன். அவன் வேலியோரத்தைக் காட்டினான். "சார், இந்த வேலிப்புல்லத்தான் எங்க மாடு தின்னுது. இங்க மருந்தடிச்சா பால் குடிக்கறது என் பேத்தி" என்றான். கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கோபம். பிறகு எட்டிப் பார்த்து, "கடுகு போட்டிருக்கீங்களா? அந்த ஓரத்துல மொளச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு மூட்டையைத் தூக்கப் போய்விட்டான். கடுகா. என் புல்லில் எவன் கடுகு விதைத்தான். மண்ணை அள்ளி முகத்தருகே கொண்டுபோனேன், மருந்து வாடை இல்லை. காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு, சுண்ணாம்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சுண்ணாம்பு எப்போது போட்டேன், ஐப்பசியில், ஒரு மழைக்குக் கரைந்திருக்குமே. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். மாத்திரைக் கசப்புக்கு மேலே அது ஏறியது. உப்பு.

உப்பு. சரசரவென்று ஜாடிக்குள் விழுந்தது உப்பு. கல்லுப்பு. கையில் பொத்திக்கொண்டு நின்றது உப்பு, இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு. காலடி இல்லாமல், கல்பாதையில் நின்று கையை நீட்டி, கேட்டைத் திறக்கவே தேவையில்லாமல், செவ்வாயும் வெள்ளியும் நான் மாத்திரையில் கிடக்கிற நேரமாகப் பார்த்து. நான் எங்கெங்கோ சுற்றியது எல்லாம் அவளில் வந்து நின்றதே, நின்ற இடம் சரி. புல் செத்தால் எனக்கு இந்த மலையில் பிடிமானம் போய்விடும், பிடிமானம் போனால் கீழே கூட்டிப் போய்விடலாம், வீட்டை விற்றுவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான், அவருக்குத் தெரியாமல்தான். அந்த வடகத்துக்குப் பழியைச் சேர்த்து வைத்தாளா இத்தனை வருஷம். எனக்கு மூச்சு முட்டியது, மருந்தை உறிஞ்சுகிற குப்பியை எடுக்கக்கூடத் தோன்றவில்லை, மண் காலோடு சமையலறைக்குள் போனேன். அவள் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள், பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. "உப்பக் கொட்டி என் புல்லக் கொல்லுதியா?" என்று கேட்டேன். கத்த நினைத்தேன், விசில் மாதிரிதான் வந்தது. அவள் திரும்பினாள். "புல்லா?" என்றாள். "அந்த மஞ்சளுக்கு உப்பா காரணம்?" நடிப்பா என்று பார்த்தேன். அவள் முகத்தில் நடிப்பைக் கண்டுபிடிக்க இந்த வீட்டில் என்னைவிடப் பழகினவன் இல்லை. இல்லை, நடிப்பு இல்லை.

"உங்களுக்குத்தான் சுத்திப் போடுதேன்" என்றாள். "உப்பும் கடுகும். மொளகா சேத்தா உங்களுக்கு நெஞ்சு அடைக்கும்னு விட்டுட்டேன். அடுப்புல போட்டா அந்தப் பொகையும் உங்களுக்கு ஆகாது. அதான் தண்ணில கரச்சு ஊத்துதேன், கால் படாத எடத்துல ஊத்தணும்னு தங்கச்சி சொன்னா. இந்த வீட்டுல கால் படாத எடம் அது ஒண்ணுதான இருக்கு?" பால் வழிந்து அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. அவள் அதை மூடிவிட்டு, துணியை எடுத்தாள், துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "ரோட்டுல போறவன் வாரவன் எல்லாம் நின்னு நின்னு பாக்கான். அத்தன கண்ணும் புல்லயா பாக்கும், அதுக்கு நடுவுல மண்டி போட்டுக் கெடக்க மனுசனப் பாக்காதா? முழிச்சிருக்கும்போது செஞ்சா சிரிப்பீய, கேலி பேசுவீய. தூங்கும்போது செஞ்சேன். ஊத்தின எடம் மஞ்சளாச்சுதா, எனக்குச் சந்தோசமா இருந்திச்சு. உங்கமேல கெடந்தது புல்லுல எறங்குது, போகட்டும்னு நெனச்சேன்." நான் வாயைத் திறந்தேன். புல்லில் உப்பு ஊற்றினால் மஞ்சளாகாமல் என்ன ஆகும் என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அவள், "இந்தப் பனிக்கு ஒருதடவ கூட ஆஸ்பத்திரிக்குப் போகலல்லா?" என்றாள். போகவில்லை. புதிதாக எழுதிக்கொடுத்த குப்பி மருந்து அது, அதன் வேலை அது, எனக்குத் தெரியும், சொல்லவில்லை. "வீட்ட விக்கப் பாக்கியன்னு நெனச்சேன்" என்றேன், இதையா சொல்லவேண்டும், இதுதான் வந்தது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வித்துட்டு எங்க போக? நீங்க இந்தப் புல்ல விட்டு வருவீயளா? வரமாட்டீய. அதான் இங்கனயே வச்சுக் காப்பாத்து தாயேன்னு கேக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல், "இன்னிக்கு வெள்ளிக்கெழம. முழிச்சிட்டீய" என்றாள்.

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து படுத்தேன். சட்டையில் மண், முழங்காலில் ஈரம், கம்பளியை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினேன். நல்ல வெளிச்சம், இமைக்குள் சிவப்பாக இருக்கிறது. சமையலறையில் மூடி திறக்கிறது. அவள் நம்புவாளா நான் தூங்குகிறேன் என்று, நம்பமாட்டாள், நானே நம்பமாட்டேன், இருந்தாலும் மூச்சை நிதானமாக விட்டுப் பார்த்தேன், கரகரப்பு காட்டிக்கொடுத்தது. கால் வந்து கட்டிலருகே நிற்கிறது. வளையலை மேலே ஏற்றுகிறாள். முகத்துக்கு மேல் காற்று லேசாக அசைகிறது, தலையைச் சுற்றி, நெஞ்சைச் சுற்றி, கால்வரை போய்த் திரும்பி வருகிறது. ஒரு கல் உப்பு தவறி என் கழுத்தில் விழுந்தது. அவள் வாய்க்குள் ஏதோ சொல்கிறாள், என் பெயர் மட்டும் கேட்கிறது, நாற்பது வருஷத்தில் என் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறகு போய்விட்டாள். வாசல் தாழ்ப்பாள், கல்பாதை, அப்புறம் கொஞ்சம் அமைதி, எந்த இடம் என்று யோசிக்கிறாள் போலிருக்கிறது, எந்த இடமாயிருந்தாலும் புதன்கிழமை அது தெரியத்தான் செய்யும். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இந்தக் கல்பாதையைச் சுற்றிக்கொண்டு எதற்கு, புல்லில் குறுக்கே இறங்கி நடக்கச் சொல்லலாமே, காலுக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்தேன், அவள் திரும்பி வந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்தேன். அவள் வந்தாள், சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கால் பட்டுவிட்டால் அதற்கப்புறம் எங்கே ஊற்றுவாள் என்று தோன்றியது. சொல்லவில்லை.